என் பேணியில் மனைவியின் குளிசைகள்

மனைவிக்கு முதல் வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு. நேரம் நிச்சயமாகத் தெரியும். முதல் நாள் மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பதை அப்போது நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. போய்ப் பார்த்தபோது அவள் அலமாரியின் கைபிடியைப் பிடித்தபடி நிலத்தில் குந்தியிருந்தாள். முகம் வியர்த்து, சொண்டு வெளுத்துப்போயிருந்தது.

"என்னப்பா, பிள்ளைப் பெறுற நோ மாதிரிக் கிடக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இல்லை, அதைவிடக் கூட," என்றாள்.

அன்று மாலைக்குள் படம் எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அடியில், சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே, ஆறு மில்லிமீற்றரில் ஒரு கல். மறுநாள் புதன்கிழமை விசேட வைத்தியரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, பார்த்தோம். அவர் சிங்களவர். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை செய்தவர் என்பதால் தமிழ் கதைப்பார். எழுத்தில் படித்த தமிழ் இல்லை, வாட்டில் நோயாளிகளிடம் பிடித்த தமிழ்.

"அம்மா, கல் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. ஆனா நல்ல இடத்துக்கு வந்திட்டுது. வெட்டத் தேவையில்லை. மருந்து தாறன், தண்ணி குடிங்க, ரெண்டு கிழமையில வாங்க."

மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான். "டொக்டர், நான் இருபதாம் நாள் மெல்பேர்ன் போகோணும். மகளுக்குத் தலைப்பிள்ளை."

"கல்லோட நான் பிளேன் ஏற விட மாட்டன். நடுக் கடலுக்கு மேல வலி வந்தா ஆர் ஊசி போடுறது? பைலட்டா?"

இருபதாம் நாள் என்பது அந்தப் புதன்கிழமையை முதலாம் நாளாக வைத்து நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. பயணச்சீட்டு அந்தத் திங்கட்கிழமைக்கு. மகளின் பிரசவத்துக்கு வைத்தியர்கள் குறித்த நாள் அதற்கு இரண்டு கிழமை பிந்தி. அங்கே மகளும் மருமகனும் மட்டும். மருமகனின் தாய் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், முழங்கால் பிரச்சினையால் மாடிப்படியே ஏற மாட்டார். ஆகவே போகக்கூடியவள் என் மனைவி ஒருத்திதான். எட்டு மாதமாக அவளுடைய வாழ்க்கையே அந்தப் பயணத்தைச் சுற்றித்தான் நடந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள், காயப்பொடி, பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் தைத்த துணிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன.

வைத்தியர் மருந்துகளை விளக்கிக்கொண்டிருந்தபோது மகளின் அழைப்பு வந்ததால் நான் வெளி நடைக்கு வந்துவிட்டேன். வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் இருந்த மனைவிக்கு "நிறையத் தண்ணி" என்பதைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. மருந்து விடயத்தில் அவள் எப்போதும் என்னைத்தான் நம்பியிருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கப்பல் கம்பனியின் ஆவணப் பகுதியில் இருந்தவன் நான். எந்தக் கடதாசித் துண்டும் என் கையிலிருந்து தவறியதில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் மேலதிகாரி மேடையில் சொன்னார். அதை மனைவியும் கேட்டிருந்தாள்.

நடந்தது இதுதான். காலி வீதியில் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கு வைத்தியர் எழுதிய அவளுடைய மருந்துத் துண்டைக் கொண்டுபோனேன். அன்று என்னுடைய மாத மருந்தும் எடுக்கவேண்டிய நாள். இரண்டு வருடமாகப் புறொஸ்ரேற் வீக்கத்துக்கு இரவில் ஒரு கப்சூல் எடுக்கிறேன். தாம்சுலோசின். இரண்டு துண்டையும் ஒன்றாகக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டிப் பிரித்தேன். மனைவிக்கு வலிக்குளிசை ஓர் உறை, வயிற்றெரிவுக் குளிசை ஓர் உறை. எனக்கு இரத்த அழுத்தக் குளிசை ஓர் உறை. என்னுடைய கப்சூல் மட்டும் பெரிதும் சின்னதுமாக இரண்டு உறைகளில் இருந்தது. ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி உடைத்தால் அவர்கள் அப்படி இரண்டாகப் போடுவது வழக்கம். உறைகளில் பெயர் கிடையாது, "இரவு 1" என்று மட்டும் இருந்தது. இரண்டையும் நான் மருந்து வைக்கும் தகரப் பேணிக்குள் போட்டு மூடினேன்.

இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. ஆம்பிளையின் புறொஸ்ரேற்றுக்கான கப்சூலை ஒரு பெண்ணுக்கு எவரும் எழுதுவார்கள் என்று நான் ஏன் நினைக்கப்போகிறேன்?

அடுத்த எட்டு நாட்களும் எங்கள் ஐந்தாம் மாடி ஃபிளட்டை விட்டு மனைவி இறங்கவில்லை. லிஃப்டுக்குள் வலி வந்தால் என்ன செய்வது என்ற பயம். கட்டில், சோபா, குளியலறை. யன்னலைத் திறந்தால் பத்தடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர், அதில் யாரோ ஒருவருடைய ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர். கடல் இரண்டு ஒழுங்கைக்கு அங்கால்தான், ஆனால் அவளுக்குக் கேட்டதெல்லாம் ரயிலின் சத்தம். கல் வருகிறதா என்று பார்க்கச் சிறுநீரை வடிக்கச் சொல்லியிருந்தார்கள். புதிய பிளாஸ்டிக் வடி ஒன்று வாங்கிவந்தேன்.

"இதைப் பார்த்த பிறகு வடிச்ச தேத்தண்ணி எனக்கு இனித் தொண்டையால இறங்காது," என்றாள்.

எதிர்வீட்டு முஸ்லிம் பெண் தினமும் பத்து மணிக்குச் சிங்களவர் பொல்பலா என்று சொல்லும் மூலிகையை அவித்து ஒரு போத்தலில் கொண்டுவருவார். "குடிங்க அக்கா, எங்கட வாப்பாக்கு மூணே நாளையில கல்லு வந்திச்சி. டொக்டர்மாருக்கு இது தெரிஞ்சாலும் செல்ல மாட்டாங்க." மனைவி அதையும் குடித்தாள், நான் அவித்த பார்லித் தண்ணீரையும் குடித்தாள். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு, குடித்த தண்ணீர், வலி வந்த நேரம், வலிக்குளிசை என்று நிரல் நிரலாக எழுதினேன். நாளுக்கு இரண்டு முறையாவது வலி வந்தது.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை மாலை, மனைவியின் தம்பி இங்கிலாந்திலிருந்து கதைத்தார். அவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். மனைவி குளியலறையில் இருந்தாள்.

"அத்தான், அக்காவுக்கு எதைக் குடுத்திருக்கிறாங்கள்? தாம்சுலோசினா, சிலோடோசினா?"

"அது என்ரை மருந்தெல்லோ," என்றேன்.

அவர் சிரித்தார். "உங்கட மருந்துதான். புறொஸ்ரேற்றில இருக்கிற அதே மாதிரித் தசை அந்தக் குழாயின்ரை அடியிலயும் இருக்குது. கப்சூல் அதைத் தளர்த்தும், கல்லு வழுக்கி வரும். ஆம்பிளை பொம்பிளை எண்டில்லை, ரெண்டு பேருக்கும் குடுக்கிறது."

பிறகு என் சுபாவம் தெரிந்தவர் என்பதால் முழுதாகவே விளக்கினார். இந்த வேலைக்கு முக்கியமாக மூன்று மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழையது நிஃபெடிப்பின் என்ற பிரஷர் குளிசை, அது பெரும்பாலான ஒப்பீடுகளில் பின்னுக்கு நின்றுவிட்டது. தாம்சுலோசின் நடுவில். சிலோடோசின் புதியது, சில ஒப்பீடுகளில் ஓரிரு நாள் கெதியாகக் கல்லை இறக்கியிருக்கிறது. ஆனால் பெரிதாகச் செய்த சில சோதனைகளில் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் இவற்றை எடுத்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. சின்னக் கல் எப்படியும் தானாக வந்துவிடும். ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கல், அதுவும் குழாயின் அடியில் நின்றால், மருந்து உதவும் என்பதுதான் பலர் இப்போது சொல்வது.

"அக்கான்ரை கல்லு ஆறெல்லோ? அடியில வேற நிக்குது. இந்த மருந்து அவவுக்கெண்டே செய்த மாதிரி. ஒரு நாளும் விடாமல் குடுங்கோ."

ஃபோனை வைத்துவிட்டு மருந்துத் துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது வரி. இரண்டு வருடமாக என்னுடைய துண்டில் நான் பார்த்த அதே சொல், வேறொரு கையெழுத்தில். பேணியைத் திறந்து எண்ணினேன். நான் நாளுக்கு ஒன்றாக ஒழுங்காக எடுத்திருக்கிறேன். எடுத்ததெல்லாம் இரண்டு கிழமைக்கான சின்ன உறையிலிருந்து, அவளுடைய உறையிலிருந்து.

ஒப்பீட்டுச் சோதனைகளில் வெற்றுக் குளிசை எடுக்கும் பக்கம் ஒன்று உண்டு. அவர்களுக்காவது முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள். என் மனைவிக்கு வெற்றுக் குளிசைகூடக் கிடைக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பின் ஒரு சாசரில் கப்சூலை வைத்துக் கொடுத்தேன்.

"இதென்னப்பா, புதுசா?"

"புதிசில்லை. இவ்வளவு நாளும் மற்றக் குளிசையளோட சேர்த்துத் தந்தனான், நீர் கவனிக்கேல்லை," என்றேன்.

நாற்பது வருடத்தில் மருந்து பற்றி நான் அவளுக்குச் சொன்ன முதல் பொய் அது. அவள் ஒன்றும் கேட்காமல் விழுங்கினாள். சொல்லிவிடலாம் என்று பத்தாம் நாள் நினைத்தேன். அன்று அவளுக்கு வலி கூட. பதினோராம் நாள் மகள் வீடியோவில் வந்து தொட்டில் பூட்டியதைக் காட்டினாள், அன்றும் முடியவில்லை. பன்னிரண்டாம் நாளிலிருந்து எனக்கு வேறு ஒரு யோசனை ஓடியது. கல் எப்படியும் வந்துவிட்டால் இதை ஒருவரிடமும் சொல்லவேண்டிய அவசியமே வராது. ஒவ்வொரு முறை அவள் குளியலறைக்குப் போகும்போதும் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் அந்த ஃபிளட்டுக்குள் அடைபட்டிருந்தாள். நான் அவளோடு அதற்குள்தான் இருந்தேன், ஆனால் அவளுக்குத் தெரியாத இன்னோர் அறைக்குள். கொப்பியில் "இரவுக் குளிசை" என்று ஒரு நிரல் புதிதாகப் போட்டு ஒன்பதாம் நாளிலிருந்து சரி போட்டேன். முதல் எட்டுக் கட்டங்களையும் நிரப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்ததும் உண்டு. நிரப்பவில்லை. நேர்மை என்று சொல்லமாட்டேன், கை வரவில்லை.

பதினைந்தாம் நாள், புதன்கிழமை, திரும்பவும் வைத்தியரிடம் போனோம். புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல் அசையவே இல்லை அம்மா. அதே இடம். கப்சூல் ஒழுங்கா போட்டதா?"

"ஓம் டொக்டர். முதல் நாளில இருந்து. இவர்தான் எடுத்துத் தாறவர்."

"அப்ப இந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யேல்லை." பேனாவை மூடினார். "கமராக் குழாய் விட்டு எடுப்பம். வாற கிழமை செய்யலாம். உள்ளுக்கு ஒரு ரியூப் வைக்க வேணும், ரெண்டு கிழமையில அதைக் கழட்டலாம். அல்லது மற்றக் கப்சூலுக்கு மாத்திப் பார்க்கலாம், ஆனா பதினைஞ்சு நாள் கேக்காத உடம்பு, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை."

மனைவியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. "திங்கட்கிழமை பிளைட் டொக்டர்."

"எது செய்தாலும் திங்கட்கிழமை ஏலாது அம்மா. சொறி."

பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் அந்தக் கொப்பியைக் காட்டுங்கோவன். டொக்டர், இவர் ஒண்டும் விடாமல் எழுதி வைச்சிருக்கிறார். எத்தினை மணிக்கு நோ வந்தது, என்ன குடிச்சனான், எல்லாம் இருக்கு."

பெருமையாகத்தான் சொன்னாள். வைத்தியர் கையை நீட்டினார். கொப்பி என் மடியில் இருந்தது. அந்த அறையில் யன்னல் இல்லை, கதவை அடுத்த நோயாளிக்காகத் தாதி பாதி திறந்து பிடித்திருந்தார். கொடுத்தால் அந்த எட்டு வெறும் கட்டங்களையும் அவர் பார்ப்பார். கொடுக்காவிட்டால் மருந்து தோற்றது என்று எழுதி, எட்டு நாள் கிடைக்காத மருந்துக்காக அவளுடைய உடம்பைக் குற்றம் சொல்லி, சத்திரசிகிச்சை மேசையில் ஏற்றிவிடுவார்.

"டொக்டர், இவ கப்சூல் எடுக்கத் தொடங்கி ஆறு நாள்தான்," என்றேன். "முதல் எட்டு நாளும் இவவின்ரை கப்சூலை நான் குடிச்சிட்டன். என்ரை எண்டு நினைச்சு."

அவர் முதலில் என் தமிழ் தனக்கு விளங்கவில்லை என்று நினைத்தார். ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப நாங்க இந்த மருந்தை இன்னும் பார்க்கேல்லை அங்கிள்," என்றார். "ஒன்பதாம் நாளை முதலாம் நாளா எடுப்பம். காய்ச்சல் இல்லை, சிறுநீரகமும் பரவாயில்லை. ரெண்டு கிழமை முடியட்டும். அதுக்குப் பிறகும் நிண்டா எடுத்துவிடலாம். அம்மா என்ன சொல்லுறீங்க?"

மனைவி என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள். "கப்சூலுக்கு வேற துண்டு எழுதித் தாங்கோ. என்ரை கையில தாங்கோ."

வீடு திரும்பும் ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டியது. அவள் வீதியைப் பார்த்தபடி, "என்ரை மருந்தையும் நீங்களே குடிச்சு முடிச்சிட்டீங்கள்," என்றாள். வீட்டு லிஃப்டுக்குள் வைத்து இரண்டாவது வசனத்தைச் சொன்னாள். "பிழை விடுறது ஆருக்கும் நடக்கும். சேர்த்துத் தந்தனான் எண்டு சொன்னீங்களே, அதுதான்."

அதன்பின் கப்சூல் அவளுடைய தலையணைக்கடியில் இருந்தது. எடுத்தாளா, எத்தனை மணிக்கு எடுத்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண் பொல்பலாப் போத்தலோடு வந்தபோது மட்டும், "இவருக்கும் ஒரு கப் குடுங்கோ. கல்லு எனக்கு, மருந்து இவருக்கு," என்றாள். அந்தப் பெண் விளங்காமலே சிரித்தார். நானும் ஒரு கப் குடித்தேன். கைப்பாக இல்லை, வைக்கோல் மணம்.

பயணச்சீட்டைத் திகதி போடாமல் நிறுத்திவைத்தோம். இருபதாம் நாள், திங்கட்கிழமை, அவள் போகவேண்டிய விமானம் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து சரக்குத்தூளை எடுத்து, மணம் போகாமல் இன்னொரு பையால் சுற்றி மறுபடி உள்ளே வைத்தாள். இருபத்தோராம் நாளிலிருந்து வலி இல்லை என்றாள். மைத்துனரிடம் கேட்டேன். வலி நின்றதால் கல் போய்விட்டது என்று முடிவெடுக்கக்கூடாது, சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டும் நிற்கும், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். வடியில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு கிழமை முடிந்த வியாழக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை, இருபத்துநாலாம் நாள், ஸ்கேனுக்குப் போனோம்.

அந்த ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஐந்து கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, போகாமல், இலக்கம் கூப்பிடும்வரை பொறுத்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். மனைவி நாற்காலியில் இருக்கமுடியாமல் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒன்பது இருபதுக்கு மருமகனின் வீடியோ அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் எடுப்பதில்லை.

"மாமி, பயப்படாதீங்கோ. விடியவே தண்ணீர்க்குடம் உடைஞ்சிட்டுது, உங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

குறித்த நாளுக்குப் பத்து நாள் முந்தி. திங்கட்கிழமை போயிருந்தால் அவள் மகளின் பக்கத்தில் நின்றிருப்பாள். இதை நான் மனதில் கணக்கிட்டு முடிப்பதற்குள் திரையில் மகள் வந்தாள். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. மனைவி ஒரு கையால் ஃபோனையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு அழுதாள், கால் மாற்றிக் கால் நின்றபடி.

"அம்மா, ஏன் இப்பிடி நெளியுறீங்கள்?"

"ஸ்கேனுக்கு நிக்கிறன் பிள்ளை. தண்ணி முட்டிக் கிடக்கு. அழவும் பயமாக் கிடக்கு." பிறகு, "நொந்ததா பிள்ளை?" என்று கேட்டாள்.

"தனிய இருக்கப் பயமா இருந்தது அம்மா," என்றாள் மகள்.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஃபோன் என் கைக்கு வந்தது. மகள் என்னிடம் ஏதோ கேட்டாள், நான் குழந்தையின் நிறையைக் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேனில் கல் இல்லை. குழாயின் வீக்கமும் வற்றியிருந்தது. கல்லை ஒருவரும் காணவில்லை, அது எந்த நாள் போனது என்பதும் தெரியாது. மனைவி கழிவறைக்கு ஓடிய இடைவெளியில், மேலே வைத்தியரிடம் அறிக்கையைக் காட்டி, நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். முதல் நாளே தொடங்கியிருந்தால் திங்கட்கிழமைக்குள் போயிருக்குமா?

"அங்கிள், அது எனக்குத் தெரியாது," என்றார். "மருந்தால போனதா, தானா போனதா எண்டே ஒரு ஆளை வைச்சுச் சொல்ல ஏலாது. ஆயிரம் பேரை வைச்சுத்தான் சொல்லலாம். உங்களுக்கு இருக்கிறது ஒரு அம்மா."

படியால் இறங்கி வந்தபோது மனைவி கைப்பையோடு வாசலில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள் என்று எழுதத் தோன்றுகிறது. சரியான கணக்கு ஒன்பது நாள்.

"முப்பத்தொண்டு எண்டைக்கு வருது?" என்று கேட்டாள். குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, முதன்முதலாகப் பிள்ளையை வெளியே கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். இன்றைய வெள்ளியை ஒன்றாக வைத்து விரலில் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"அதுக்கு நான் அங்க நிக்கோணும். முதல் கிடைக்கிற பிளைட்டைப் போடுங்கோ."

வாசலிலேயே நின்று ஃபோனில் தேடினேன். வரும் செவ்வாய்க்கிழமைக்கு ஓர் இடம் இருந்தது. திரும்பி வரும் திகதியைக் கேட்டது. மூன்று மாதம் என்பது நாங்கள் முதலில் பேசிவைத்தது. அந்தத் திகதியை எடுத்து, சரியா என்று அவளிடம் காட்டினேன்.

"அதை விடுங்கோ," என்றாள். "திரும்பி வாற திகதியை நான் அங்க போய்ப் பார்த்துச் சொல்லுறன்."

விட்டுவிட்டேன். அவள் ஓட்டோவை மறிக்க வீதிக்கு இறங்கினாள்.